குரங்கு அலப்பும், கிப்பன் அலப்பாது

சீனக் கவிதைகளைத் தமிழில் வாசிக்கிறவன் ஒரே ஒரு சொல்லால் திரும்பத் திரும்ப ஏமாற்றப்படுகிறான். அந்தச் சொல் ‘குரங்கு’. சமீபத்தில் என் கைக்கு வந்த ஒரு மொழிபெயர்ப்புத் தொகுப்பில் அது பன்னிரண்டு இடங்களில் வருகிறது. பன்னிரண்டிலும் குரங்குகள் ‘கத்துகின்றன’. ஓரிடத்தில் மட்டும் ‘கூச்சலிடுகின்றன’. தொகுப்பையும் மொழிபெயர்ப்பாளரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடப் போவதில்லை. அவர் தனியாகச் செய்த தவறு அல்ல இது. தமிழில் நான் வாசித்த மற்ற சீனக் கவிதை மொழிபெயர்ப்புகளிலும் இதே விலங்கு இதே கத்தலைக் கத்திக்கொண்டிருக்கிறது.

லி பை, து ஃபு முதலிய தாங் காலக் கவிஞர்கள் எழுதியது குரங்கைப் பற்றி அல்ல. அவர்கள் எழுதிய சொல் ‘யுவான்’. அது கிப்பன். வாலற்ற, நீண்ட கைகள் கொண்ட, தரைக்கு அநேகமாக இறங்காமல் மர உச்சிகளிலேயே வாழ்ந்து முடிக்கிற சிறு வானரம். சாதாரணக் குரங்குக்குச் சீனத்தில் ‘ஹௌ’ என்று வேறு சொல் இருக்கிறது. பழைய சீன மரபில் இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் விலங்கியல் தூரம் மட்டுமல்ல. யுவான் மலைமுகட்டின் துறவி, கனவான். ஹௌ கீழே திருடித் தின்னும் கோமாளி. இதை விரிவாக எழுதியவர் ராபர்ட் வான் குலிக். டச்சு ராஜதந்திரி, நீதிபதி டீ துப்பறியும் கதைகளின் ஆசிரியர், வீட்டில் கிப்பன் வளர்த்தவர். 1967இல் வெளிவந்த அவருடைய ‘சீனத்தில் கிப்பன்’ என்ற நூலுடன் கிப்பனின் குரல் பதிவான இசைத்தட்டு ஒன்றும் இணைக்கப்பட்டிருந்தது. கவிதையைப் பற்றி எழுத வந்தவர் வாசகனின் காதையும் மதித்திருக்கிறார். பதினான்காம் நூற்றாண்டுவாக்கில், விலங்கு அருகிப்போன பிறகு, சீனர்களே யுவானையும் ஹௌவையும் குழப்பத் தொடங்கினார்கள் என்பது அவர் வாதம். ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் பலர் அந்தக் குழப்பத்தை ‘மங்கி’ என்று நிலைப்படுத்தினார்கள். ஆங்கிலம் வழியே சீனத்துக்குப் போகிற நாம் அதைக் கேள்வியில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டோம்.

‘ஒரு விலங்கின் பெயர்தானே, கவிதை என்ன விலங்கியல் பாடநூலா’ என்று கேட்கப்படும் என்பது தெரியும். எங்கள் பேராவூரணி வாசக வட்டத்திலும் கேட்டார்கள். மாதம் ஒருமுறை ஏழெட்டுப் பேர் கூடி வாசிக்கிறோம். சென்ற கூட்டத்தில் லி பை எழுதிய பைதி நகர்க் கவிதை. வாசித்து முடித்ததும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார். “ஏன் தம்பி, இவ்வளவு பெரிய கவிஞன் குரங்கு கத்துனதுக்கா உருகுறான்? நம்ம கோடியக்கரைக்கு வந்திருந்தா பையைப் பிடுங்கிக்கிட்டுப் போயிருக்கும்ல” என்றார். சபை சிரித்தது. அவர் கேட்டதில் தவறே இல்லை. கொடுக்கப்பட்ட சொல்லை வைத்து ஒரு நல்ல வாசகன் செய்யவேண்டியதைத்தான் அவர் செய்தார். டெல்டாவில் வாழ்கிறவன் காதில் ‘குரங்கு’ என்றால் ஒரே ஒரு ஒலிதான் உண்டு. கோயில் மதிலிலும் கோடியக்கரைக் காட்டிலும் நாம் காண்கிற நாட்டுக்குரங்கின் ‘கிர்’, ‘கீச்’. பள்ளியில் மரபுச் சொற்கள் மனப்பாடம் செய்தவர்களுக்கு நினைவிருக்கும்: குயில் கூவும், மயில் அகவும், யானை பிளிறும், குரங்கு அலப்பும். எவ்வளவு துல்லியமான வினைச்சொல் அது. நாட்டுக்குரங்கு அலப்பத்தான் செய்கிறது. அந்த ஒலி நாற்பது அடி தாண்டினால் பொருளிழந்துவிடும்.

கிப்பன் அலப்பாது. விடிகிற நேரத்தில் அல்லது விடிந்து சற்று நேரத்தில் அது தொடங்குகிறது. பல இனங்களில் முதலில் ஆண் தனியாக, சிறு சிறு சுரங்களாக. பிறகு பெண் சேர்ந்துகொள்கிறது. ஆய்வாளர்கள் பேரழைப்பு என்று பெயரிட்ட ஒன்று பெண்ணினுடையது: நீண்ட ஒற்றைச் சுரங்களாக எழுந்து, விரைவுகூடி, உச்சத்தில் நடுங்கி இறங்கும். ஆண் அப்போது அடங்கி, பெண் முடித்த கணத்தில் பதில் சொல்லும். கால் மணி நேரம், சில வேளை அதற்கு மேலும் இது நீளும். ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும். ஒரு குடும்பம் தொடங்கினால் அடுத்த குடும்பம், அதைக் கேட்டு அதற்கடுத்தது என்று காடு நெடுகக் குரல் கைமாறும். இதைக் ‘கத்தின’ என்று எழுதலாம் என்றால் நாகஸ்வரத்தை ‘ஊதல்’ என்றும் எழுதலாம்.

எதற்காக இத்தனை பாடு? இங்கே இன்னொரு கூட்டத்துடனும் நான் சண்டையிட வேண்டியிருக்கிறது. கிப்பன் என்று சரியாகவே எழுதிவிட்டு, ஆனால் அதைக் காதல் பாட்டாக்கி விடுகிற கூட்டம். வார இதழ்த் துணுக்குகளில் தொடங்கி வாட்ஸப் வரைக்கும் கிப்பன் ஏகபத்தினி விரதன், ஜோடியாகப் பாடி ஆயுளுக்கும் ஒன்றாக வாழ்கிறவன். ராமகாதை மண்ணில் இது உடனே எடுபடும். உண்மை இதைவிடச் சுவையானது.

1937இல் சி. ஆர். கார்பென்டர் சயாமின் காடுகளில் லார் கிப்பன்களைப் பின்தொடர்ந்தார். 1940இல் வெளிவந்த அவருடைய நூலிலிருந்துதான் இந்த விலங்கைப் பற்றிய முறையான கள அறிவு தொடங்குகிறது. அவர் கண்டது சிறு குடும்பங்களையும், அவை காக்கும் எல்லைகளையும், அந்த எல்லைகளில் குரலின் வேலையையும். ஒரு குடும்பத்துக்குப் பெரும்பாலும் 20 முதல் 40 ஹெக்டேர் காடு. தஞ்சாவூர்க் கணக்கில் ஏழு வேலியிலிருந்து பதினைந்து வேலி. அதற்குள் எந்த அத்தி எப்போது பழுக்கும் என்று அதற்குத் தெரியும். பக்கத்துக் குடும்பத்துக்கும் தெரியும். தினமும் முப்பது மீட்டர் உயரத்தில் கட்டிப் புரண்டு சண்டையிடுவது இரண்டு தரப்புக்கும் கட்டுப்படியாகாது. விழுந்தால் எலும்பு மிஞ்சாது. ஆகவே குரல். ‘நாங்கள் இங்கேதான் இருக்கிறோம், இருவராக இருக்கிறோம், தெம்பாக இருக்கிறோம்’ என்பது அதன் பொருள்களில் முதன்மையானது. 1980களில் போர்னியோவின் குத்தாய் காட்டில் ஜான் மிதானி பதிவு செய்த பாடலை ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டுப் பார்த்தார். பாடல் எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துக் கிப்பன்களின் எதிர்வினை மாறியது. தன் எல்லைக்குள்ளிருந்து அந்நியக் குரல் எழுந்தால் ஒன்று, பக்கத்து வீட்டான் தன் வீட்டிலிருந்து பாடினால் வேறொன்று. பாட்டின் பொருள் பாட்டில் மட்டும் இல்லை, அது எழும் மரத்திலும் இருக்கிறது.

நம் மொழியில் சொன்னால் இது வரப்புத் தகராறு. டெல்டாக்காரனுக்கு இதை விளக்கவே தேவையில்லை. அண்டை வயல்காரன் மண்வெட்டியுடன் வரப்பை ஒரு சாண் செதுக்கியது தெரிந்தால் விடிகாலையில் இரண்டு வயலுக்கும் கேட்கும்படி நாம் எழுப்புகிற குரலும் அத்தகையதே. கையில் மண்வெட்டி இருக்கும், அதைப் பயன்படுத்தாமல் இருப்பதற்காகத்தான் குரல். எப்போதாவது பயன்படுத்தவும் செய்கிறோம். கிப்பன்களும் அப்படியே: எல்லைச் சண்டையில் காயம்பட்டு ஆண் கிப்பன் இறந்ததை ரயன் பாலோம்பிட் சுமத்ராவில் பதிவு செய்திருக்கிறார்.

ஏகபத்தினி விரதம்? தாய்லாந்தின் காவ் யாய் வனத்தில் உல்ரிச் ரைஹார்ட் ஆண்டுக்கணக்கில் கவனித்து 1995இல் எழுதினார்: ஜோடியாகப் பாடுகிற பெண்கள் அண்டை ஆண்களுடன் கூடுவதும் உண்டு. ஜோடிகள் பிரிவதும், எல்லை தாண்டிப் போய் வேறு துணையுடன் சேர்ந்து அங்கே பாடத் தொடங்குவதும் உண்டு. இருகுரல் பாட்டு ஜோடியின் பிணைப்பை வலுப்படுத்துகிறது என்ற கருத்து ஆய்வாளர்களிடையே இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது சத்தியப் பிரமாணம் அல்ல, கூட்டுப் பட்டா. அதே காட்டில் 2006இல் வெளியான இன்னொரு ஆய்வு, வேட்டை விலங்கைக் கண்டபோது பாடும் பாட்டும் காலை இருகுரல் பாட்டும் ஒரே ஒலித்துண்டுகளால் ஆனவை, அடுக்குமுறைதான் வேறு என்று காட்டியது. தொலைவில் கேட்கும் உறவினருக்கு வேற்றுமை புரிகிறது. நம் இதழ்களுக்கு எல்லாமே ‘காதல் கீதம்’.

இனி அந்த வாதத்துக்கு வருகிறேன். எல்லைக் குரல் என்று அறிந்துகொண்டால் கவிதை செத்துவிடாதா, துயரம் எங்கே போயிற்று?

கவிதை அதற்குப் பிறகுதான் திறக்கிறது என்பது என் கட்சி. லி பை 759இல் தென்மேற்கின் யேலாங்குக்கு நாடுகடத்தப்பட்டு யாங்சே ஆற்றில் எதிரேறிப் போய்க்கொண்டிருந்தார். பைதியில் மன்னிப்புச் செய்தி வந்தது. படகைத் திருப்பி, ஆற்றின் வேகத்தோடு, மலையிடுக்குகளின் வழியே கீழிறங்குகிறார். இரு கரையிலும் கிப்பன்களின் குரல் விடாமல் வருகிறது. குரங்குகள் கத்துவதாக வாசித்தால் இது வெறும் பின்னணி ஓசை. கிப்பன் என்று அறிந்து வாசித்தால் அந்த விடாத தன்மைக்குக் காரணம் தெரிகிறது: படகு ஒரு குடும்பத்தின் எல்லையிலிருந்து அடுத்த குடும்பத்தின் எல்லைக்குள், அதிலிருந்து அடுத்ததற்குள் போய்க்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முகடும் ‘இது எங்கள் இடம்’ என்கிறது. அதைக் கேட்பவனுக்கு இடமில்லை. நேற்றுவரை நாடுகடத்தப்பட்டவன், இன்று விடுதலை, வேகம், மகிழ்ச்சிகூட. ஆனால் ஊர் இன்னும் வரவில்லை. அந்தக் கவிதையின் இரட்டை உணர்ச்சியை நான் புரிந்துகொண்டது கார்பென்டரையும் மிதானியையும் படித்த பிறகே.

யாங்சே மலையிடுக்கில் கிப்பன் குரல் கேட்டுப் பயணி கண்ணீர் விடுவான் என்பது லி பைக்கும் முந்தைய மரபு. ஆறாம் நூற்றாண்டில் லி தாவ்யுவான் எழுதிய ஆற்று விளக்க நூலிலேயே செம்படவர் பாட்டாக அது பதிவாகியிருக்கிறது. 766 முதல் 768 வரை அந்த இடுக்கின் முகப்பில் குய்ச்சோவில் தங்கி நோயோடும் வறுமையோடும் எழுதிய து ஃபு, அந்தப் பாட்டைக் கேள்விப்பட்டதாக அன்றி உண்மையாகவே நேர்வதாக எடுத்தாள்கிறார். அழுதவர்கள் யார் என்று பாருங்கள்: படகோட்டிகள், பதவி பறிக்கப்பட்ட அதிகாரிகள், போர் அகதிகள். அத்தனை பேரும் இடம் பெயர்ந்தவர்கள். இடம் உள்ளவனின் உரத்த அறிவிப்பு இடம் இல்லாதவனுக்கு அழுகையாகக் கேட்கிறது. கிப்பன் துயரப்படவில்லை. கவிஞர்கள் அதன்மேல் துயரத்தை ஏற்றினார்கள், அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. குறுந்தொகையின் 69ஆம் பாட்டில் கடுந்தோட் கரவீரனார், துணையை இழந்த மந்தி குட்டியைச் சுற்றத்திடம் விட்டுவிட்டு மலையிலிருந்து பாய்ந்து உயிர்விடுவதாகப் பாடியிருக்கிறார். எந்த மந்தியும் அப்படிச் செய்யாது. அதனால் அந்தப் பாட்டு பொய்யாகிவிடவில்லை. கவிஞன் பிழையாகக் கேட்கலாம். மொழிபெயர்ப்பாளன் பிழையாகப் பெயரிடக் கூடாது. இரண்டும் ஒன்றல்ல.

இதைத் தமிழர்களாகிய நமக்கு யாரோ சொல்லித்தர வேண்டியிருப்பதுதான் அவமானம். கருப்பொருள் என்ற கோட்பாடே நம்முடையது. நெய்தல் பாட்டில் பனைமரத்து அன்றிலை எடுத்துவிட்டு அங்கே ‘ஒரு பறவை’ என்று ஆங்கிலத்தில் போட்டால் இதே இதழ்களில் நாம் பத்துப் பக்கத்துக்குக் கொதிப்போம். கொதித்திருக்கிறோம். தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் என்று மூன்றைப் பிரித்துப் பெயர் சொல்கிறது. பெண்ணுக்கு மந்தி, குரங்கின் ஆணுக்குக் கடுவன், முசுவின் ஆணுக்குக் கலை, குட்டிக்குப் பறழ், பார்ப்பு, மகவு, பிள்ளை. இத்தனை சொல் வைத்திருந்த மொழி இன்று சீனத்தின் ஒரே ஒரு பிரிவினையைத் தாங்க முடியாமல் எல்லாவற்றையும் ‘குரங்கு’ என்ற ஒற்றைச் சாக்கில் போட்டுக் கட்டுகிறது. காட்டை விட்டு நாம் வந்து நெடுங்காலம் ஆகிவிட்டது என்பது காரணமாக இருக்கலாம். ஆனால் மேற்கே ஆனைமலைக்குப் போனால் விடியலில் கருமந்தியின் ஆண் எழுப்பும் ‘ஹூ’ ஒலி இன்றும் பள்ளத்தாக்கைத் தாண்டிக் கேட்கிறது. அதுவும் கூட்டங்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி வைக்கிற குரலே. 1960களின் நடுவில் நீலகிரியில் ஃபிராங்க் பொய்ரியர் அதை ஆராய்ந்தார். தமிழ் மொழிபெயர்ப்பாளன் ஒருமுறை வால்பாறையில் தங்கிக் கேட்டிருந்தாலும் ‘கத்தின’ என்ற சொல்லில் கை வைத்திருக்க மாட்டான்.

வால்பாறை வரை போவானேன். பேராவூரணியின் தென்னந்தோப்புகளில் செம்போத்து இருக்கிறது. காலையில் ஒன்று ஆழத்திலிருந்து ‘ஊப் ஊப்’ என்று தொடங்கும், மற்றது சற்றுத் தாழ்ந்த குரலில் சேர்ந்துகொள்ளும். தாழ்ந்த குரல் பெண்ணினுடையது. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கத்துத் தோப்புகளைச் சாய்த்துப் போட்ட பிறகு சில மாதங்கள் அந்தக் குரல்கள் வழக்கமான இடங்களில் இல்லை. பிறகு வேறு இடங்களிலிருந்து, முன்னைவிட நெருக்கமாக, நாளெல்லாம் கேட்டன. மரம் போனதும் மனிதர்கள் சர்வேயரை அழைத்து எல்லைக்கல் தேடிக்கொண்டிருந்தபோது பறவைகளும் அந்த வேலையில்தான் இருந்தன என்று எனக்குத் தோன்றியது.

நம் நாட்டிலேயே கிப்பன் இருக்கிறது என்பது பலருக்குச் செய்தியாக இருக்கும். அஸ்ஸாமின் ஜோர்ஹாட் மாவட்டத்தில் ஹோலோங்காபார் சரணாலயம், சுமார் 21 சதுர கிலோமீட்டர், சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். அங்கே வாழ்வது ஹூலக். ஆண் கருப்பு, பெண் பழுப்பு, இருவருக்கும் வெள்ளைப் புருவம். மற்றக் கிப்பன்களைப் போல் ஆணுக்கொன்று பெண்ணுக்கொன்று என்று பிரிக்காமல் இரண்டும் ஏறத்தாழ ஒரே வகை ஒலிகளால் பாடும். பெயரே குரலிலிருந்து வந்ததுதான். அந்தச் சிறு காட்டின் குறுக்கே ஆங்கிலேயர் காலத்து ரயில் பாதை ஓடுகிறது. கிளைவிட்டுக் கிளை போகிற விலங்குக்குத் தண்டவாளம் ஒரு கடல். ஒருபக்கத்துத் துண்டில் அகப்பட்ட கிப்பன்கள் மறுபக்கத்தின் பாட்டைக் கேட்கின்றன, பதில் பாடுகின்றன, போக முடிவதில்லை. வளரும் பிள்ளைகள் துணை தேடிப் பிரிந்து செல்ல வழியில்லை. மரங்களாலும் பாலங்களாலும் அந்த இடைவெளியை இணைக்கும் முயற்சிகள் பல ஆண்டுகளாக நடந்துவருகின்றன. எல்லை என்று கிப்பன் தானே வகுத்துக்கொண்டதற்கும் நாம் வகுத்ததற்கும் உள்ள வேறுபாடு அது: முன்னதைப் பாட்டால் பேசித் தீர்க்கலாம்.

லி பை கேட்ட மலையிடுக்குகளில் இன்று கிப்பன் இல்லை. சீனத்தில் அது யுன்னான், குவாங்ஷி, ஹைனான் ஆகிய தெற்கு ஓரங்களுக்கு ஒதுங்கிவிட்டது. ஹைனான் கிப்பன் சுமார் 40 மட்டுமே. 2004இல் ஷான்ஷியில் தோண்டப்பட்ட ஒரு கல்லறையில், முதல் சின் பேரரசரின் பாட்டியுடையதாகக் கருதப்படுவது அது, ஒரு கிப்பன் மண்டையோடு கிடைத்தது. அறியப்பட்ட எந்த இனத்தோடும் பொருந்தாத அதற்கு 2018இல் ஜுன்சி இம்பீரியாலிஸ் என்று பெயரிட்டார்கள். ஜுன்சி என்றால் கனவான். பழைய மரபை அறிவியலாளர்கள் மறக்கவில்லை. 2025இல் சீன ஆய்வாளர்கள் எழுநூறுக்கும் மேற்பட்ட பழங்கவிதைகளைத் திரட்டி யாங்சேயின் துடுப்பற்ற கடற்பன்றி எங்கெல்லாம் இருந்தது, எப்போது சுருங்கியது என்று வரைபடம் போட்டார்கள். கவிதை விலங்கியல் அல்ல என்று நம் நண்பர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போது கவிதையை நம்பி விலங்கியல் நடக்கிறது. அந்தக் கவிஞர்கள் ‘ஏதோ மீன்’ என்று எழுதியிருந்தால் அது நடந்திருக்காது.

ஜப்பானைப் பார்க்கலாம். அங்கே கிப்பன் கிடையாது. 13ஆம் நூற்றாண்டில் மூசி தீட்டிய தாய்க் கிப்பனும் குட்டியும் கியோத்தோவின் தைத்தோகுஜி மடாலயத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து ஹசெகாவா தோஹாகு போன்றவர்கள் தாம் காணாத விலங்கை நீண்ட கைகளுடன் சரியாகவே வரைந்தார்கள். 1684 பயணத்தில் ஃபுஜி ஆற்றங்கரையில் கைவிடப்பட்ட குழந்தையைக் கண்ட பாஷோ, கிப்பன் குரலுக்கு உருகிய பழங்கவிகளை நோக்கியே பேசுகிறார். விலங்கே இல்லாத நாட்டில் அதன் குரலுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்திருக்கிறது.

நான் கேட்பது பெரிதல்ல. ‘கிப்பன்’ என்றே எழுதலாம். நாம் ஒட்டகச்சிவிங்கிக்கும் பென்குயினுக்கும் இடம் கொடுத்த மொழி. ‘மனிதக் குரங்கு’ வேண்டாம், வாசகன் கொரில்லாவை நினைப்பான். ‘பாடும் குரங்கு’ என்ற புதுச்சொல் ஒருவர் முன்வைத்தார், அதுவும் வேண்டாம், சர்க்கஸ் வாடை அடிக்கிறது. வினைக்குத் தமிழில் பஞ்சமில்லை: விளித்தன, கூவின, அழைத்தன. சங்கக் கவிகள் ஆண்ட ‘பயிர்தல்’ கிடைக்கிறது, துணையையும் இனத்தையும் அழைக்கும் குரல் என்ற பொருளோடு. தமிழாசிரியர் அந்தச் சொல்லை நினைவூட்டியபோது எனக்கே அது தோன்றவில்லையே என்றிருந்தது. அடிக்குறிப்பு இரண்டு வரி போதும். அந்தத் தொகுப்பு மறுபதிப்பாக வருவதாகக் கேள்விப்படுகிறேன். பன்னிரண்டு இடங்களின் பக்க எண்களையும் குறித்து வைத்திருக்கிறேன், பதிப்பகத்தார் கேட்டால் அனுப்பித் தருகிறேன்.